தாழப் பறக்கும் விமானியின் கண்ணில் மின்கம்பி ஏன் படுவதில்லை?

பட்டப்பகலில், நல்ல பார்வையுள்ள விமானி எப்படிக் கம்பியில் மோதுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பி உண்மையிலேயே கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னால் வயலோ மலையோ இருந்தால் அந்த மெல்லிய சாம்பல் கோடு அதோடு கரைந்துவிடும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். கம்பி தெரியும்போது விலக நேரமிருக்காது.

மிகக் கொடியது, உயரழுத்தக் கோபுரங்களின் உச்சியில் செல்லும் இடிதாங்கிக் கம்பி. மின்சாரம் பாயும் தடித்த கம்பிகளைப் பார்த்து மேலே ஏறித் தப்பிவிட்டோம் என்று நினைக்கும் நொடியில், அவற்றைவிட மெல்லிய இது குறுக்கே நிற்கும். அதனால்தான் கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடச் சொல்கிறார்கள். கோபுரத்துக்கு நேர் மேலே கடப்பதே பாதுகாப்பு. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானிகளோ, முன்பே பார்த்துவைத்த கம்பியையே வேலை மும்முரத்தில் மறந்து மோதுவதுண்டு. இதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

சில ஹெலிகாப்டர்களில் கம்பி வெட்டும் கத்திகள் உண்டு. ஏறக்குறைய நேராக மோதினால்தான் அவை உதவும்.

ஆபத்து விமானிக்கு மட்டுமல்ல. 1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசே அருகே தாழப் பறந்த அமெரிக்க ராணுவ விமானம் கேபிள் காரின் கம்பியை அறுத்தது. விமானம் தரையிறங்கிவிட்டது, பெட்டியிலிருந்த 20 பேரும் இறந்தார்கள்.