புகைபோக்கி இல்லாத நிறுவனத்திற்கு எதற்குச் சுற்றுச்சூழல் உறுதிமொழி?

தணிக்கை, சட்டம், மேலாண்மை ஆலோசனை போன்ற சேவைகளை அளிக்கும் நிறுவனம், தன் தொழிலால் இயற்கைக்கும் சமூகத்துக்கும் நேரும் பாதிப்பை அளந்து, குறைத்து, வெளிப்படையாகக் கணக்குக் காட்டுவதாக ஏற்கும் பொறுப்பே இந்த உறுதிமொழி. ஆலையே இல்லாதபோது பாதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற ஐயம் நியாயமானதுதான். 2001இல் முதன்முதலாக வெளியான பசுங்குடில் வாயு நெறிமுறை என்ற கணக்கீட்டு வழிகாட்டி, புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை, நேரடியாக எரிக்கும் எரிபொருள், வாங்கும் மின்சாரம், பிற மறைமுக உமிழ்வுகள் என மூன்றாகப் பிரிக்கிறது. இத்தகைய நிறுவனங்களில், அலுவல்சார் விமானப் பயணமும் கொள்முதலும் அடங்கிய மூன்றாம் வகையே பெரும்பாலும் மிகுதி. அதை விட்டுவிடுவது, வீட்டுச் செலவுக் கணக்கில் வாடகையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறப்பதைப் போன்றது. மரக்கன்று நடுவதும் நன்கொடை தருவதுமே இப்பொறுப்பு எனப் பலர் எண்ணினாலும், யாருக்கு என்ன ஆலோசனை வழங்கப்படுகிறது என்பதும், ஊழியர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பதும் இதில் அடங்கும்.