ஷெல்ஃப்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்ல

வணக்கம் சார்,

எங்க ஊர் நூலகத்துல புதுமைப்பித்தன் கதைகள் தேடினேன். கம்ப்யூட்டர்ல தட்டுனா பதிவு இல்லைன்னு வந்துச்சு. சும்மா நடந்து பாத்தா புக்கு ஷெல்ஃப்ல நிக்குது, முதுகுல 894.8113-ன்னு நம்பர் ஒட்டி. எதுக்கு சார் இந்த நம்பர் கணக்கெல்லாம், எழுத்தாளர் பேர் வரிசையில அடுக்கிட்டா ஆச்சு. கூகுள் காலத்துல கேட்டலாக் போட இன்னும் ஆள் தேவையா?

- செல்வி

அன்புள்ள செல்வி,

ரெண்டு வேலைய ஒண்ணா கலக்கிட்டீங்க. புத்தகம் எந்த இடத்துல நிக்கணும்ங்கறத நம்பர் சொல்லும். அதைத் தேடி வர்றவங்க என்னென்ன பேர்ல கேப்பாங்கன்னு முன்கூட்டியே யோசிச்சு எழுதி வைக்கிறது கேட்டலாக். உங்க விஷயத்துல நம்பர் ஒழுங்கா இருக்கு, சொதப்புனது கேட்டலாக்.

பேர் வரிசை கதைப் புத்தகத்துக்கு ஓகே. தென்னை வளர்ப்பு பத்தி ஒரு புக்கு வேணும்னு வர்ற விவசாயிக்கு அதை எழுதுனவர் பேர் எப்படிங்க தெரியும்? அதுக்குத்தான் பொருள்வாரியா அடுக்குறது. உங்க நம்பர் அமெரிக்காவுல மெல்வில் டூயி 1876-ல கொண்டுவந்த முறை. 8-ன்னா இலக்கியம், 894.8 திராவிட மொழிகள், 894.811 தமிழ், கடைசி 3 புனைகதை. ஆங்கிலத்துக்கு 820, பிரெஞ்சுக்கு 840-ன்னு தாராளமா பங்கு போட்டுட்டு மிச்சம் இருக்குற உலகத்தையெல்லாம் 890-க்குள்ள அடைச்சாரு மனுஷன், அதான் நம்ம நம்பர் இவ்ளோ நீளம். மதத்துலயும் இதே கதைதான், 220-லேர்ந்து 280 வரைக்கும் கிறிஸ்தவம், இந்து மதம் 294.5-ல போய் ஒண்டிக்கிட்டு நிக்கும். எனக்கு இதுல கடுப்பு உண்டு, ஆனா உலகம் பூரா பழகிப்போச்சு.

இதோட முட்டிப் பாத்த ஆள் நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனவர். படிக்க லண்டன் போனப்ப ஒரு கடையில மெக்கானோ பொம்மை செட்டைப் பாத்துட்டு, புத்தகம் பேசுற பொருளையும் இப்படித் துண்டு துண்டா மாட்டலாமேன்னு யோசிச்சிருக்காரு. அதுலேர்ந்து வந்ததுதான் 1933-ல வெளியான கோலன் பகுப்பு. இந்தியாவுல 1950-கள்ல நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை ஆராய்ச்சின்னு ஒரு புத்தகம் வந்தா, மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆராய்ச்சி, இந்தியா, வருஷம் எல்லாத்துக்கும் தனித்தனி குறி, சேத்து மாட்டிக்கலாம். டூயி மாதிரி எல்லாத்துக்கும் முன்னாடியே பெட்டி செஞ்சு வைக்க வேணாம். மூளைன்னா மூளை. நம்பரைப் படிக்கத்தான் கொஞ்சம் கண்ணைக் கட்டும்.

இப்ப உங்க கம்ப்யூட்டருக்கு வருவோம். புதுமைப்பித்தனோட சொந்தப் பேர் சொ. விருத்தாசலம், சுஜாதா வந்து ரங்கராஜன், சுஜாதாங்கறது அவர் மனைவி பேர். நல்ல கேட்டலாக்ல ரெண்டுல எந்தப் பேரைத் தட்டுனாலும் ஒரே ஆளுக்குப் போய் சேரணும், அதே பேர்ல இன்னொருத்தர் எழுதுனா குழம்பாம இருக்க பிறந்த வருஷத்தையும் கூடப் போடுவாங்க, சுஜாதா, 1935-ங்கற மாதிரி. இதுக்குன்னு வெச்சிருக்கிற பட்டியலுக்கு அத்தாரிட்டி ஃபைல்னு பேரு. இது இல்லாத எடத்துல ஒற்று விட்டுப்போனா போச்சு, "புதுமை பித்தன்"னு ஒருத்தர் ஏத்தியிருப்பாரு, நீங்க "ப்" போட்டு தேடுவீங்க, இயந்திரத்துக்கு அது வேற ஆளு. ரோமன் எழுத்துல ஏத்துனா இன்னும் கொடுமை, அவனவன் காதுல விழுந்தபடி தட்டி வெச்சிருப்பான். அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இதுக்கு விதியே இருக்கு, ட-வுக்கு அடியில புள்ளி, ழ-வுக்கு அடியில கோடு. அங்க கிடைக்குற தமிழ்ப் புத்தகம் நம்ம ஊர் கம்ப்யூட்டர்ல கிடைக்கலைன்னா காரணம் டெக்னாலஜி இல்ல, உக்காந்து பேரை ஒழுங்குபண்ண ஆள் போடாததுதான்.

கூகுளுக்குப் புதுமைப்பித்தனும் விருத்தாசலமும் ஒண்ணுன்னு தெரியுமேம்பீங்க. தெரியும், எங்கயோ ஒருத்தர் உக்காந்து எழுதி வெச்சதால.

அடுத்த தடவை போறப்ப "புதுமை பித்தன்"னு இடம் விட்டுத் தட்டிப் பாருங்க, அப்புறம் விருத்தாசலம்னும். எதுலயாவது வந்துச்சுன்னா நூலகர்கிட்ட காட்டி எல்லாத்தையும் ஒரே பேருக்குக் கீழ கொண்டுவரச் சொல்லுங்க, பெரும்பாலும் செய்வாங்க. எதுலயும் வரலைன்னா அந்த புக்கையே ஏத்த விட்டுட்டாங்கன்னு அர்த்தம், அதையும் சொல்லிட்டு வாங்க.