கால் மடங்கிக் கிடக்கும் சிலந்தி

கேள்வி: சென்ற ஆண்டு அயல் வளவில் பட்டுப்போன வேம்பைத் தறித்தபோது பொந்திலிருந்து விழுந்த புலிமுகச் சிலந்தி ஒன்றை என் மகன் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து வருகிறான். இரண்டு கிழமையாக அது இரை எடுக்கவில்லை. மூன்று நாட்களாகக் கால்களை வயிற்றுக்கு அடியில் மடக்கியபடி அசையாமல் கிடக்கிறது. மகனுக்கும் சோறு இறங்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சிலந்தி மல்லாந்து கிடந்தால் அது தோலுரிக்கிறது என்று பொருள். அப்போது அதைத் தொடாமல், உள்ளே உயிருள்ள பூச்சி இருந்தால் மட்டும் அகற்றிவிட்டு விலகியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அதுவன்று. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் காலின் முக்கிய மூட்டுகளை நீட்டுவது உடல்நீரின் அழுத்தமே. உடல்நீர் வற்றினால் கால்கள் தாமாகவே உள்ளே மடங்கிவிடும். வயிறு உலர்ந்த முந்திரிகைவற்றல் போலச் சுருங்கியிருந்தால் ஐயமே வேண்டாம், அது தாகத்தால் வாடுகிறது. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் இந்நாட்களில் கொடியில் போட்ட ஈரச்சேலை எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பொந்தின் ஈரத்தில் வாழ வேண்டிய உயிர் அதே காற்றில்தான் இருக்கிறது.

ஆகவே அதற்கு மருந்து தண்ணீர்தான். போத்தல் மூடி போன்ற ஆழமற்ற தட்டில் தண்ணீர் நிரப்பி, மென்மையான தூரிகையால் சிலந்தியை மெல்ல நகர்த்தி, முன்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி வையுங்கள். வாய் நச்சுப்பற்களுக்குப் பின்னால், உடலின் அடிப்புறத்தில் இருப்பதால் மேலே தெளிக்கும் நீர் பெரிதாகப் பயன்படாது. சுவாசத் துளைகள் வயிற்றின் அடியில் இருப்பதால் பின்பாகம் நனையவும் கூடாது. அது குடித்துத் தேற ஓர் இரவு முழுவதும் ஆகலாம். கையால் மட்டும் தூக்க வேண்டாம். இவ்வகைச் சிலந்தி கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு பல நாட்கள் நீடிக்கும் என்பதைத் தம்பிக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

நனைந்த கடதாசி விரித்த மூடிய பெட்டிக்குள் நோயுற்ற சிலந்தியை அடைத்து வைக்கும் பழைய முறையை நான் ஏற்பதில்லை. காற்றோட்டமற்ற ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, தாகத்தில் தப்பியது அதிலே இறந்துபோகும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். அண்மையில் உங்கள் ஒழுங்கையில் டெங்குப் புகை விசிறினார்களா? அந்த அறையில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறீர்களா? நுளம்பைக் கொல்லும் மருந்து சிலந்தியின் நரம்பையும் தாக்கும். கால்கள் வெட்டிவெட்டி இழுத்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொட்டியை உடனே காற்றோட்டமான வேறு அறைக்கு மாற்றுங்கள்.

வாயருகே இருக்கும் இரண்டு சிறு உணர்கால்களின் நுனி உருண்டு தடித்திருந்தால் அது முதிர்ந்த ஆண். முதிர்ந்த ஆண் இரையைக் குறைத்து மெலிந்து, ஓரிரு ஆண்டுகளுக்குள் இறப்பது இயற்கை. அப்படியானால் மகனின் கவனிப்பில் குறையில்லை என்பதை அவனிடம் நீங்களே சொல்ல வேண்டும். பெண்ணாயின் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது.

நமது மரங்களில் வாழும் இச்சிலந்திப் பேரினம் முழுவதும் 2019 இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. எனவே சிலந்தி தேறியதும் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர் ஒருவரிடம் மகனையே பேசவைத்து, அதை எந்த மரத்தில், எப்போது விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீர்த் தட்டு ஒருநாளும் வற்றக் கூடாது.