பிஎக்ஸ்இ-யில் ஐபி கிடைக்கிறது, இன்ஸ்டாலரில் கிடைக்கவில்லை: ஸ்விட்ச் போர்ட்டைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. பிஎக்ஸ்இ-யில் (நெட்வொர்க் வழியே பூட் ஆகும் முறை) ஐபி வாங்கி ராக்கி லினக்ஸ் கெர்னலும் இறங்கிவிடுகிறது, அடுத்து இன்ஸ்டாலர் இமேஜ் எடுக்கும் இடத்தில் டைம்அவுட், விஎம்மில் (மெய்நிகர் கணினி) மட்டும் எல்லாம் சரி என்கிறீர்கள். அப்படியானால் இமேஜில் கை வைக்காதீர்கள்.

கெர்னல் நெட்வொர்க் டிரைவரை ஏற்றும்போது ஸ்விட்சுடனான லிங்க் ஒருமுறை விழுந்து எழும். உடனே, நெட்வொர்க்கில் லூப் (தகவல் சுற்றிச் சுற்றி வருவது) வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ 15 நொடி லிசனிங், 15 நொடி லேர்னிங் என்று போர்ட்டை அடைத்துவிடும். இன்ஸ்டாலரின் டிஹெச்சிபி முயற்சி (ஐபி கேட்பது) அதற்குள் முடிந்துபோகிறது. பிஎக்ஸ்இ 4, 8, 16, 32 நொடி என்று காத்திருந்து கேட்பதால் தப்பிக்கிறது. விஎம்முக்கு இந்த லிங்க் சிக்கலே இல்லை. அந்த நேரத்தில் ஸ்விட்ச் விளக்கைக் கவனியுங்கள்: அரை நிமிடம் ஆரஞ்சில் நின்று பச்சைக்கு மாறினால் கோளாறு இதுதான்.

சர்வர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போடுங்கள், கூடவே பிபிடியு கார்டும் (தவறி ஒரு ஸ்விட்சை இணைத்தால் போர்ட்டை மூடும் காவல்). இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம், லூப் ஆகலாம். ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லையென்றால், கெர்னல் வரியில் 'ஆர்டி.நெட்.டிஹெச்சிபி.ரீட்ரை' மதிப்பை 10 ஆக்கிப் பாருங்கள்.

போர்ட் எல்ஏசிபி குழுவில் (பல போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) இருக்கிறதா? தனியாக அமைத்துக் கொடுக்காவிட்டால் இன்ஸ்டாலர் எல்ஏசிபி பேசாது. ஸ்விட்சில் எல்ஏசிபி ஃபால்பேக் (எதிர்முனை எல்ஏசிபி பேசாதபோதும் போர்ட்டை இயங்கவிடும் அமைப்பு) தேவை. நெட்வொர்க் கார்டு நான்கு இருந்தால், பிஎக்ஸ்லினக்ஸ் (பிஎக்ஸ்இ-யில் கெர்னலை ஏற்றும் நிரல்) அமைப்புக் கோப்பில் 'ஐபிஅப்பெண்ட் 2' சேருங்கள். பூட் ஆன கார்டு எதுவென்று இன்ஸ்டாலருக்குத் தெரியும்.