ஏஎஸ்எல் படத்தில் தெரியும் கருமை குறித்து

ஐயா, சிறுநீரகம் பழுதுற்ற 74 வயதுத் தந்தையாருக்கு நிறமூட்டும் மருந்து செலுத்தாமல் எடுத்த, மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஏஎஸ்எல் எம்ஆர்ஐ படத்தில், மூளையின் பின்பகுதி கருத்தும் அதன் ஓரத்தில் வெண்ணிறக் கோடுகள் புழுப்போல நெளிந்தும் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வெண்கோடுகள்தாம் முக்கியமான தடயம். இம்முறையில் கழுத்துத் தமனிகளில் ஓடும் இரத்தத்தின் நீரையே ரேடியோ அலையால் குறியிட்டு, அது மூளைத் திசுவை அடையும்வரை காத்திருந்து படமெடுக்கிறார்கள்; முதுமையாலோ குழாய் அடைப்பாலோ இரத்தம் தாமதமாக வந்தால், குறியிட்ட நீர் இன்னும் குழாய்க்குள் நிற்கும்போதே படம் பதிவாகிவிடும்; அப்போது அக்குழாய்கள் வெண்கோடுகளாகவும், அந்நீர் இன்னும் சேராத திசு கருமையாகவும் தெரியும். ஆகவே, கருமையைக் கண்டதுமே அங்கே இரத்தம் போகவில்லை என்று அஞ்சவேண்டாம். தாங்கள் குறிப்பிட்ட காத்திருப்பு நேரம் 1500 மில்லிநொடி. 2015இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரையோ நோயுற்ற பெரியவர்களுக்கு 2000 என்கிறது. அவ்வாறு மீண்டும் எடுக்க இயலுமா என்று கதிரியல் மருத்துவரிடம் கேளுங்கள். தாமதமும் குழாய்ச் சுருக்கத்தின் அறிகுறியாகலாம் என்பதால், கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் தேவையா என்றும் கேட்டுவிடுங்கள்.