கறார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் ‘கறாரான மனிதர்’ என்று எழுதியிருந்தீர்கள். கறார், ‘கறு’ என்ற வேரில் பிறந்த தமிழ்ச் சொல்தானே? ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியமே சொல்கிறதே. கோபக்காரர்தானே கறாராக இருப்பார்? நண்பர்கள் உருது என்கிறார்கள். ஏற்க மனம் வரவில்லை.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

நூற்பா சரி, போட்ட முடிச்சுதான் தப்பு. கறுவுதல் அந்த வேரில் வந்தது. கறார் வரவில்லை. நியாயம் உங்கள் நண்பர்கள் பக்கம். ஆனால் உருது அதற்கு நடுவழிதான், ஊற்று அரபி. அங்கே ‘கரார்’ என்றால் நிலைகொள்வது, தங்குவது. மேலப்பாளையத்தில் ஓதிப் படித்த யாரையும் கேளுங்கள், மறுமையைத் ‘தாருல் கரார்’, அதாவது நிலையான வீடு என்பார்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் அது பேசி முடிவானதையும் குறித்தது. இந்திப் பாட்டுகளில் உருகுகிற ‘பேகரார்’கூட இதன் தங்கைதான்: நிலைகொள்ளாத மனசு. வல்லின றகரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், கிறிஸ்துவிலும் அது இருக்கிறது.

செங்கோட்டை தாண்டிப் புனலூர் போனால், மலையாளத்தில் ‘கரார்’ இன்றைக்கும் ஒப்பந்தம்தான். ரோடு போடும் காண்டிராக்டர் அங்கே ‘கராறுகாரன்’. (கண்டிப்பான ஆளோ என்று பயந்துவிடாதீர்கள்.) மலைக்கு இந்தப் பக்கம் நாம் காகிதத்தை விட்டுவிட்டு, பேசிய பேச்சில் நிற்கிறவனின் குணத்துக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம்.

பழைய பொருள் நம்மிடமும் அடியோடு போய்விடவில்லை. சின்ன வயதில் தாத்தாவோடு மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போவேன். மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகருக்குப் பொறுமை போய்விடும். “கறாரா ஒரு விலை சொல்லும்வே!” என்பார். கோபமாகச் சொல்லும் என்றா கேட்டார்? இனி மாறாத விலையைச் சொல்லும் என்று கேட்டார்.

தாத்தா பதில் சொல்லாமல் மூன்று விரலை அழுத்துவார். தரகர் நாலாவதையும் சேர்த்துப் பிடிக்கப் பார்ப்பார். தாத்தா மறுபடியும் அதே மூன்று. வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும். துண்டு மட்டும் ஆடும்.