தள்ளினால் கிளம்பும், உதைத்தால் கிளம்பாது!

கேள்வி: 1980-களில் வாங்கிய புல்லட் 350, ஆறு வோல்ட் பாயின்ட் வண்டி. ஐப்பசி மழையில் கொட்டகையில் ஏற்றியதை தை அறுப்புக்குத்தான் வெளியே எடுத்தேன். எவ்வளவு உதைத்தாலும் கிளம்பவில்லை, தள்ளினால் கிளம்பிவிடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். தள்ளினால் கிளம்புகிறது என்றாலே கார்புரேட்டர் மேல் பாதிச் சந்தேகம் போய்விட்டது. தள்ளும்போது இன்ஜின் விடாமல் சுற்றும், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரும் கை கொடுக்கும். ஒற்றை உதையில் அதெல்லாம் கிடையாது. பேட்டரி தருவதை வைத்துத்தான் பொறி வரவேண்டும்.

பேட்டரியை மீட்டரில் பாருங்கள். சும்மா நிற்கையில் 6.3 வோல்ட் இருக்க வேண்டும். 6-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ்.

அடுத்து பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, இன்ஜின் ஹெட்டின் மேல் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் ஓட்டைக்குத் தள்ளியே வையுங்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாக, 'டக்'கென்று அடித்தால் சரி. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை வரவழைக்கும் சின்ன சுவிட்ச்) மூடியைத் திறங்கள். மூன்று மாத ஈரத்தில் பாயின்ட் முகத்தில் சாம்பல் நிறப் படலம் கட்டியிருக்கும். நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாளை இடையில் விட்டு இழுங்கள். தாள் கறுக்காமல் வரும்வரை. பிறகு பாயின்ட் முழுசாகத் திறந்திருக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வையுங்கள். ஹீல் (சுழலும் கேமில் உரசிப் பாயின்டைத் திறக்கும் கட்டை) தேயத் தேய இந்த இடைவெளி குறையும், டைமிங்கும் (பொறி விழும் நேரம்) பின்னுக்குப் போகும். பாயின்டிலேயே பெரிதாகப் பொறி பறந்தால், அங்கே பொறியை அடக்கும் கண்டென்சர் போச்சு. பிளக்கை எத்தனை மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

இதெல்லாம் சரியென்றால்தான் கார்புரேட்டர். அடிக்கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டால் டேங்கையும் வடிக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் நின்ற இடத்திலேயே ஈரத்தை இழுக்கும். பைலட் ஜெட்டை (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை) மெல்லிய செம்புக் கம்பி இழையால் குத்துங்கள். ஊசி கூடாது, துளை பெரிதாகிவிடும்.

உதைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். கனமாக முட்டும் இடத்தில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் பிடி) பிடித்து, கிக்கரைக் கொஞ்சமே இறக்கி, லீவரை விடுங்கள். கிக்கர் மேலே வந்ததும் முழு எடையோடு ஒரே உதை. ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம்.

கேள்வி: என் புல்லட்டில் கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது!
- வாசகர், திருவையாறு

பதில்: பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுகிறது. பாயின்ட் இடைவெளி அதிகமாக இருக்கலாம். அதைவிட, வேகத்துக்கேற்பப் பொறியை முன்னுக்குத் தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருவேறி விரிந்தபடியே சிக்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கேமை விரலால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் துருவைத் துடைத்து, முனைகளில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். கூடினால் பாயின்டில் தெறிக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.